விலக்குப் பட்டியலில் ஒரே பெயர்

ஜூலை 7, ஞாயிறு

நான் எழுதுவது யாருக்கும் தெரியக் கூடாது. அம்மா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் ஒருபக்கம் அச்சான தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் அப்பாவின் லாமினேஷன் மிசின் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். அந்தப் பெட்டியை அம்மா தொடுவதில்லை. அப்பாவின் எந்தப் பொருளையும் தொடுவதில்லை.

அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். அவள் மூச்சுச் சத்தம் நின்றால் நானும் பேனாவை நிறுத்துகிறேன்.

இன்று மாலை நாலே கால் மணிக்குப் பல்கலைக்கழகத்தின் கிளஸ்டர், ஒன்றாக இணைத்த பெரிய கணினிக் கூட்டம், நின்றுபோய்விட்டது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அம்மாவின் வேலை. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இருந்தவளுக்குப் போன் வந்து, அங்கிருந்தே கணினி அறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை. சேலை ஓரமெல்லாம் தூசி.

"சாப்ட்டியாட்டி?"

"சாப்ட்டேம்மா. என்னாச்சு?"

"வாசல் மிசின் தொங்கிட்டு. அதோட டிஸ்க்கும் சேந்து போயிட்டு. ஓடிக்கிட்டிருந்த வேலை அம்புட்டும் அந்துபோச்சு."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா உள்ளே வந்தபோது நான் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். அம்மாவின் மடிக்கணினி அதன் பையில் இருந்தது. பையின் ஜிப்பைக் கூடப் போட்டிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

பள்ளியில் ஒன்றும் காதில் ஏறவில்லை. பேருந்தில் எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

சாயங்காலம் பேச்சி அக்கா வந்தாள். பேச்சியம்மாள். ஆராய்ச்சி மாணவி. ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்த ஊருக்குள் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் ஏறும் என்று கிளஸ்டரில் கணக்குப் போடுகிறாள். விடுதித் தண்ணீர் உப்பு என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் குவார்ட்டர்ஸில் தலைக்குக் குளிக்க வருவாள். திங்கட்கிழமை அவள் வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், இருபத்தாறு நாள் ஓடுன வேலை. இன்னும் ஒம்பதே நாளுதான் பாக்கி" என்றாள்.

"நடுவுல சேமிச்சு வச்சது இருக்கும்லா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் வச்சுக்க இடம் இருக்கு. பழசு மேலதான் புதுசு எழுதும். எழுதிக்கிட்டிருக்கும்போதே டிஸ்க் போயிட்டு. பழசும் இல்ல, புதுசும் இல்ல."

அம்மா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். அக்கா இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அந்தமானில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அந்த ஒரே நிபந்தனையில்.

"நான் கூடுதலா மிசின் ஒதுக்கித் தாரேன். முப்பத்தஞ்சு நாள் வேலை இருபது நாள்ல முடிஞ்சிரும். பதினொண்ணாம் தேதிக்குள்ள தொடங்கிரு. மத்ததெல்லாம் அதுக்குள்ள எழுதி வச்சுக்கோ, முப்பத்தொண்ணாந்தேதி முடிவச் சேத்துக் குடுத்துரலாம்."

"பதினொண்ணு. போதும் மேடம். இன்னைக்கு ராத்திரியே போட்டுருதேன்."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா முகத்தைச் சுளித்தாள். "ஏட்டி பெர்சி, இது டீயா பாயசமா? அந்தமானுக்குச் சர்க்கரை வியாதியோடதான் போணும் போல."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

எல்லாம் மாறிவிட்டது. பேச்சி அக்காவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

ஏன் என்று எழுத வேண்டும் என்றால் மாமியாரைப் பற்றி எழுத வேண்டும். கிளஸ்டரில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒன்றாக வேலை செய்யும். எல்லோரும் முதலில் நுழைவது ஒரே ஒரு கணினிக்குள்தான். அம்மா அதை வாசல் மிசின் என்பாள். அதில் உள்ளே வரலாம், கோப்பைத் திருத்தலாம், வேலையை வரிசையில் போட்டுவிட்டுப் போகலாம். பெரிய கணக்கை அங்கேயே ஓட்டக் கூடாது. ஒருவர் ஓட்டினால் மற்ற எல்லோருக்கும் மூச்சு முட்டும். புதிதாக வரும் மாணவர்களுக்கு அம்மா எப்போதும் ஒன்றே சொல்வாள்: "ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுத மேசைமேல ஆளப் படுக்கவச்சு ஆபரேஷன் பண்ணலாமா?"

ஆனாலும் அவசரத்தில் பண்ணுவார்கள். அதனால் அம்மா ஒரு நிரல் எழுதினாள். வாசலில் யார் அளவுக்கு மீறி எடுத்தாலும் அது முதலில் எச்சரித்துக் கடிதம் அனுப்பும். பிறகு இன்னொன்று. மூன்றாவது தடவை வேலையை வெட்டிவிடும். வாசலில் சின்ன வேலை பார்ப்பவர் பெயரையும் அது குறித்துவைக்கும். மாணவர்கள் அதற்கு வைத்த பெயர்தான் மாமியார். "மாமியா வெட்டிட்டா மேடம்" என்று வந்து நிற்பார்கள்.

பேச்சி அக்காவுக்கு மார்ச்சில் இரண்டு எச்சரிக்கை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசலில் ஏதோ சின்ன வேலை பார்த்திருக்கிறாள். பத்து நிமிட வேலை, அனுமதி உள்ளதுதான். ஆனால் மிசின் நிற்கும் நேரத்தில் மாமியாரின் குறிப்பில் இருந்தது அவள் பெயர் மட்டும்தான். துறைத்தலைவர் நெல்லையப்பன் சார் விசாரணை முடியும்வரை பூட்டச் சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி அவள் போட்ட வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

அம்மா இன்று சீக்கிரம் வந்துவிட்டாள். அரிசியைக் களைந்தாள். வடித்து வைத்துவிட்டு மறந்துபோய் மறுபடி களைந்தாள். பிறகு மடிக்கணினிப் பை முன்னால் போய் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை இதை எடுத்தியா பெர்சி?"

"இல்லம்மா."

"ஜிப்பு போட்டிருக்கு. நான் போடுததில்லையே."

"முந்தியே போட்டிருந்துச்சு."

"சரி" என்றாள்.

ராத்திரி எனக்கு முட்டைத் தோசை ஊற்றினாள். நான் கேட்கவே இல்லை. இரண்டாவதும் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலையில் களைப்பு போல.

ஜூலை 10, புதன்

அம்மா மடிக்கணினியை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பழுது பார்க்க என்றாள்.

நெல்லையப்பன் சார் வீட்டுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இல்லை என்றாலும் அவர் குரல் கேட்கும்.

"குளோரி, அறிக்கையை எழுத்துல குடுங்க. எந்தப் பய ஓட்டினான்னு எனக்குத் தெரியணும். வேணும்னே செஞ்சிருந்தா சைபர் கிரைம்ல குடுத்திருவேன்."

"பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"அதான் அந்தப் பொண்ணு பேரு இருக்கே. அப்புறம் என்ன பாக்கீங்க?"

"அவ எடுத்தது ரொம்பக் கொஞ்சம் சார். அதுக்கு மிசின் நிக்காது. இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

சைபர் கிரைமில் பதினாறு வயதுக்காரர்களை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. பள்ளிக் கணினி அறையில் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தேடினால் தேடியது பதிவாகும்.

ஜூலை 11, வியாழன்

இன்று பதினொன்று.

காலையில் சொல்லிவிடலாம் என்று அடுப்படி வாசல்வரை போனேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "என்னட்டி?" என்றாள். "டிபன் பாக்ஸ்" என்றேன்.

மத்தியானம் சொல்லலாம் என்றால் பள்ளி. சாயங்காலம் அம்மாவுக்குத் தலைவலி. வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஒன்பது மணிக்கு எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றுக்குப் பார்த்தாள். இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. அவள் மூச்சு தூங்குகிறவள் மூச்சு போல இல்லை.

பன்னிரண்டு அடித்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

பேச்சி அக்கா குளிக்க வரவில்லை. அம்மா வழக்கம்போலப் பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, சீயக்காய் டப்பாவையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். ஏழு மணிக்கு டப்பாவை உள்ளே வைத்தாள்.

ஜூலை 13, சனி

எழுதிவிடுகிறேன். நான்தான்.

அப்பா இ-சேவை மையம் வைத்திருந்தார். போன வருடம் மே மாதம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடையைக் காலி செய்தபோது அவருடைய பென் டிரைவ் ஒன்றை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். அதில் பூட்டிய கோப்பு ஒன்று. அதன் பெயர் பெர்சிஸ். அவர் அதைக் கடைசியாகச் சேமித்தது இறப்பதற்கு நாலு நாள் முன்னால்.

என் பெயரை வைத்து எதைப் பூட்டியிருப்பார்? எனக்கு ஏதாவது எழுதியிருப்பார். இல்லை, பேசிப் பதிந்திருப்பார். அவருக்கு நெஞ்சு வலி இருந்து, எங்களிடம் சொல்லாமல் இருந்து, அதை இதில் சொல்லியிருப்பார். ஒரு வருடமாக எனக்கு இதே நினைப்புதான்.

என் பெயர், பிறந்த நாள், கல்யாண நாள், பைக் நம்பர், ஞானஸ்நானப் பெயர், கடை நம்பர் என்று கையாலேயே இருநூற்றுப் பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு பள்ளியில் கற்றுக்கொடுத்ததை வைத்து, எல்லாச் சொல்லையும் தானாகப் போட்டுப் பார்க்கும் நிரல் எழுதினேன். மடிக்கணினியில் ஓட்டினால் ஒன்பது வருடம் ஆகும் என்று காட்டியது.

அம்மா மடிக்கணினியிலிருந்து கிளஸ்டருக்குள் போகப் பாஸ்வேர்டு கேட்காது. அவசரத்துக்கு அப்படி வைத்திருக்கிறாள்.

வரிசையில் போட்டால் அம்மா பெயரில் ஒரு வேலை நிற்பதை எல்லோரும் பார்ப்பார்கள். வாசலில் ஓட்டினால் மாமியார் மட்டும்தான் பார்ப்பாள். மாமியார் அம்மா பெயரைப் பார்க்க மாட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அம்மாவின் சொந்த வேலை ஒன்றையே அது வெட்டிவிட்டது. அன்றைக்கு அம்மா கோபத்தில் விலக்குப் பட்டியல் ஒன்று செய்து தன் பெயரை எழுதிவைத்தாள். அதில் அந்த ஒரு பெயர்தான். அந்தப் பெயரில் என்ன ஓடினாலும் வெட்டவும் வெட்டாது, குறிக்கவும் குறிக்காது. "மாமியா ஒடச்சா மண்குடம், மருமவ ஒடச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாவ" என்று பேச்சி அக்கா எங்கள் வீட்டில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டே கேலி செய்தாள். அதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

ஒரே நேரத்தில் அறுபத்துநாலு பேர் சாவி போட்டுப் பார்ப்பது போல ஓட்டினேன். ஒவ்வொருவர் கையிலும் பெரிய சொற்பட்டியல். நினைவகம் நிறையும் என்று நான் யோசிக்கவே இல்லை. நாலு பத்துக்குத் திரை அசையவில்லை. நான் மடிக்கணினியை மூடினேன். மூடினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

இயற்பியல் தேர்வு. முப்பதுக்குப் பதினொன்று. அந்த எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

பெட்டியில் வெற்றுத் தாள் தீர்ந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். இன்று பார்த்தால் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. தப்பாக எண்ணியிருக்கிறேன்.

இந்தத் தாளின் முன்பக்கத்தில் மார்ச் மாத எச்சரிக்கைப் பட்டியல். பேச்சி அக்காவின் பெயர் இரண்டாவது வரியில் இருக்கிறது. திருப்பாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் பேச்சி அக்காவைப் பார்த்தேன். துறை அலுவலகத்திலிருந்து வருகிறாள். கையில் மனு. உப்புத் தண்ணீரில் முடி கயிறு போல விறைத்திருந்தது.

"என்னட்டி, மெலிஞ்சு போயிட்ட? ஒங்கம்மா சமைக்காளா, கிளஸ்டரையே கட்டிட்டு அழுவுதாளா?"

"வெள்ளிக்கிழமை வரலியேக்கா."

"எப்டி வர? மேடம் பாவம், நான் வந்து நின்னா சங்கடப்படுவா. ஹெச்.ஓ.டி. பாத்தா, ரெண்டு பேரும் கூட்டும்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தமான்காரங்ககிட்ட ஒரு மாசம் கேட்டுப் பாத்தேன். அடுத்த ஆளுக்கு ஓலை போயிட்டாம்."

பேருந்து வந்தது. அவள் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டாள். அது அவள் போகிற பேருந்து இல்லை.

ஜூலை 17, புதன்

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"ம்மா, ஞாயித்துக்கிழமை லேப்டாப்ப நான்தான் எடுத்தேன்."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும்."

"என்னைக்குத் தெரியும்?"

"ஒம்பதாந்தேதி. மாமியா குறிக்காத பேரு ஒண்ணே ஒண்ணுதான. அவ குறிப்புல பேச்சியத் தவிர யாரும் சிக்கலேன்னா அப்புறம் யாரு? உள்ள வந்த நேரம் தனியாப் பதிவாவும். மூணு நாப்பது. நம்ம வீட்டு லைன். நான் அப்ப சர்ச்சுல ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஒன்பது, பத்து, பதினொன்று. என் விரல் பாவாடை மடிப்புக்குள் அசைந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"எண்ணாதட்டி" என்றாள். "நானும் தெனமும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

கடைசி வெண்டைக்காய்வரை நறுக்கி முடித்தாள். பிறகு அம்மா கேட்டாள்: "என்னத்த ஓட்டின? அது மட்டும் எனக்குப் புரியல. ஏதோ பூட்டுத் தொறக்க மாதிரி இருந்துச்சு."

பென் டிரைவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். நான் பார்க்க, ஒரு வருடத்துக்குப் பிறகு அப்பாவின் பொருள் ஒன்றை அம்மா கையில் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை என்பதையும்.

"என் போன் நம்பரு" என்றாள்.

"என்னது?"

"பாஸ்வேர்டு. கடைக்கு வாரவங்க பேப்பரை ஸ்கேன் பண்ணி, அவங்கவங்க போன் நம்பரப் போட்டுப் பூட்டிக் குடுப்பாரு. யாரு வந்தாலும் அப்படித்தான். ஒனக்கு அப்பம் போன் இல்லலா. என் நம்பரத்தான் போட்டிருப்பாரு." பென் டிரைவை உள்ளங்கையில் புரட்டினாள். "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்ட்டி."

"எப்படிம்மா கேக்க?" என்றேன். "அப்பாவப் பத்தி இந்த வீட்டுல எப்படிக் கேக்க?"

அம்மா வெண்டைக்காய் நறுக்கிய கையோடே என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். முடியெல்லாம் பிசுபிசுத்தது.

ஜூலை 18, வியாழன்

அம்மா அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். அதில் என் பெயர் இல்லை. 'என் கணக்கிலிருந்து, என் கவனக்குறைவால்; விலக்குப் பட்டியலில் என் பெயரை நானே சேர்த்திருந்ததால் நிரல் தடுக்கவில்லை' என்று எழுதியிருக்கிறாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். தனக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அம்மாவின் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது. இனிப் புதுப்பிக்க மாட்டார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

பேச்சி அக்காவின் கணக்கைத் திறந்துவிட்டார்கள். வேலை போனாலும் பட்டம் வேண்டுமே, மறுபடி பணத்தைக் கட்டிப் பதிவு செய்துகொள்கிறாள் என்று அம்மா சொன்னாள். இன்று மதியம் அவள் வேலை ஓடத் தொடங்கியது. இருபது நாள்.

அதன்பின் அம்மா மாமியாரைத் திறந்து தன் பெயரை எடுத்துவிட்டாளாம். பட்டியல் இப்போது வெறுமை.

பென் டிரைவ் என் மேசையில் இருக்கிறது. பத்து எண்ணைப் போட்டால் போதும். நான் திறக்கவில்லை. அக்காவின் வேலை முடியும் அன்றுதான் திறப்பேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

ஜூலை 20, சனி

அம்மா போக வேண்டாம் என்றாள். நான் போனேன்.

விடுதி வாசலில் பேச்சி அக்கா குடத்தில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. அறிக்கை அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"அம்மா இல்லக்கா. நான்தான் ஓட்டினேன்."

"நீயா? எதுக்கு?"

சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டாள்.

"ஒங்கப்பா ஃபைலா" என்றாள். முகம் கொஞ்சம் இளகியது. என் தோளைத் தொடக் கூடக் கை நீண்டது. பாதியில் நின்றது.

"எட்டாந்தேதி நான் ஒங்க வீட்டுக்கு வந்தேன்லா? பதினொண்ணுக்குள்ள தொடங்குனா போதும்னு மேடம் சொல்லும்போது நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"டீ போட்டுக் குடுத்த."

"ஆமா."

"சீனி கூடிட்டுன்னு ஒன்னக் கேலி பண்ணினேன். நீ சிரிச்ச."

"ஆமாக்கா."

குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"மாமியாகூட ரெண்டு தடவ சொல்லிட்டுத்தாம்ட்டி வெட்டுவா" என்றாள்.

அவள் திட்டவில்லை. படியேறிப் போய்விட்டாள். கழுத்தில் உப்புப் பூத்த முடி ஒட்டியிருந்தது.

அம்மாவுக்கு என்றைக்குத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஒன்பதாம் தேதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தாளைத் தவிர.

ஜூலை 31, புதன்

இன்று முப்பத்தொன்று. வேறு எதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீடு பார்க்கப் போனோம். ஒரே அறை, மாடியில். அப்பாவின் பெட்டியை எங்கே வைப்பது என்று அம்மாவே கேட்டாள். "வித்துரலாமா?" என்றேன். "லாமினேஷன் மிசினு இருக்கட்டும். என்னைக்காவது ஆவும்" என்றாள்.

நெல்லையப்பன் சாரின் வேலை ஒன்றையே வெள்ளிக்கிழமை மாமியார் வெட்டிவிட்டதாம். தன் பெயரைப் பட்டியலில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "நான் இருக்கிற வரைக்கும் அந்தப் பட்டியல்ல யாரும் இல்ல சார்" என்று அம்மா சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. பிறகு அணைந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

சாயங்காலம் அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது. 'முடிஞ்சிட்டு மேடம்.' அவ்வளவுதான். எனக்கென்று அதில் ஒன்றும் இல்லை.

அம்மா மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தாள். நான் பென் டிரைவைச் செருகினேன். அம்மாவின் நம்பரை நானே தட்டினேன். உடனே திறந்தது. ஒரு நொடி கூட ஆகவில்லை.

உள்ளே ஆறு படங்கள். பிறப்புச் சான்றிதழ். சாதிச் சான்றிதழ். தடுப்பூசி அட்டை, இரண்டு பக்கம். ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டை. ஆதார். கடிதம் இல்லை. குரல் இல்லை. பள்ளியில் எப்போதாவது கேட்பார்கள் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

இதற்காகத்தான்.

ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். பிறப்புச் சான்றிதழ் மட்டும் பழைய தாள், சுருண்டிருக்கும். அதை ஸ்கேன் மிசினில் வைக்காமல் போனில் படம் எடுத்திருக்கிறார். சுருளாமல் இருக்க ஓரத்தைப் பிடித்திருக்கிறார். கீழே இடது மூலையில் அப்பாவின் பெருவிரல் விழுந்திருக்கிறது.

அந்த வருடம் பிப்ரவரியில் ஷட்டரில் நசுங்கிய விரல். நகத்தில் பாதி கறுப்பு. அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக வளர்ந்துவந்திருக்கிறது. கறுப்பு முழுவதும் போக இன்னும் இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். விரல் திரை முழுக்க வந்தது.

"ஊராளுக்கெல்லாம் ஓரத்த வெட்டி அழகா எடுத்துக் குடுப்பாரு" என்றாள். "சொந்தப் பிள்ளைக்குப் பெருவிரலோட குடுத்திருக்காரு பாரு."

சிரித்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் இல்லை. நான் படத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அம்மா பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, சீயக்காய் டப்பாவை வெளியே எடுத்து வைத்தாள். ஏழு மணிவரை காத்திருந்துவிட்டு, தண்ணீரை நான் செடிக்கு ஊற்றினேன்.